குழந்தை தூங்குது

"அந்த வேன் நம்ம வாசல்ல நிக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். தட்டு தண்ணீர் டம்ளரில் இடித்து, டம்ளர் கவிழ்ந்து, தண்ணீர் மேஜை விளிம்பு வரை ஓடியது. துடைப்பதற்கு யாரும் எழவில்லை. துடைக்க வேண்டியவள் கையில் செல்போனை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

பயிற்சி மையத்து டீச்சர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். எத்தனையோ மாதமாகக் காத்துக் கிடந்த இடம் ஒன்று காலியாகியிருக்கிறதாம். திங்கட்கிழமை காலையில் குழந்தை வேனில் ஏறினால் அந்த இடம் அவளுக்கு. ஏறாவிட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த பிள்ளைக்கு. டீச்சர் கெட்டவர் இல்லை. "என்னால பிடிச்சு வெக்க முடியாதும்மா, பின்னால நிக்கறவங்களும் அழறாங்க" என்று சொல்லித்தான் வைத்தார்.

"மாமா, மூலை மருந்துக் கடைகிட்ட நிறுத்தச் சொல்லட்டுமா? நான் அதுவரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மருமகள்.

"மருந்துக் கடைக்காரனுக்குக் கண்ணு இல்லையா? அந்த வேன் மேல என்ன எழுதியிருக்குன்னு பார்த்திருக்கியா? 'சிறப்புக் குழந்தைகள் பயிற்சி மையம்'னு ஒவ்வொரு எழுத்தும் ஆள் உசரத்துக்கு! ஞாயித்துக்கிழமை உன் நாத்தனாரைக் கேட்டு வர்றாங்க. திங்கக்கிழமை அந்த வேன் வந்து ஹார்ன் அடிச்சா, நாலு பேர் நாலு விதமாப் பேசி அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கல்யாணம் முடியட்டுமேம்மா" என்றாள் மாமியார், கொஞ்சம் இளகிய குரலில். "எங்க ஓடிப் போகுது உன் வேன்?"

"ஓடித்தான் அத்தை போகுது. இடம் போயிடும்."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். முன்பின் தெரியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று தயங்காமல் சொல்லிவிடுவான். வீட்டுக்குள் வந்தால் அவனுக்கு ஒரே வாக்கியம்தான்.

"அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல" என்றான்.

இதையெல்லாம் யாருக்காகப் பேசினார்களோ அவள் கூடத்தின் நடுவில் கையை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. சுற்றினால் தலை சுற்றாது. நிறுத்தச் சொன்னால்தான் அவளுக்கு உலகமே சுற்றும். அத்தைக்காரி வைத்த பெயர் பம்பரம். வீட்டில் அந்தப் பெயரைச் செல்லமாகச் சொன்னவர்கள் அம்மாவும் அத்தையும் மட்டும்தான்.

மூன்று வயதில் டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொன்னார். அந்த வார்த்தை வீட்டு வாசப்படியோடு நின்றுவிட்டது. உள்ளே அதற்குப் பெயர் 'அது'. "அதுக்கு மருந்து இல்லையாமா?" "அதை யார்கிட்டயும் சொல்லிடலையே?" 'அது' எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு இவள் போனாளே, அதனால் என்றாள் மாமியார். இவள் வேலையை விட்டாள். பிறகு, எந்நேரமும் கூடவே இருந்து செல்லம் கொடுக்கிறாளே, அதனால் என்றார்கள். செல்போன் காட்டிக் கெடுத்தாள் என்றும் சொன்னார்கள். "உங்க பக்கம் யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று விசாரித்தார்கள். தங்கள் பக்கம் யாருக்காவது இருந்ததா என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "நானே லேட்டாத்தான் பேசினேனாம்" என்று புருஷன் மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொள்வான். அது அவனுக்கான மருந்து.

அவளுக்கோ கேட்க வேண்டியது நிறைய இருந்தது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நகம் வெட்டுவது எப்படி? கத்திரியைப் பார்த்தாலே பம்பரம் வீடு இடிகிற மாதிரி அலறுவாள். இதை யாரிடம் கேட்பது? சனிக்கிழமைதோறும் மையத்தில் அம்மா அப்பாக்கள் கூடிப் பேசுவார்கள், வந்து சும்மா உட்காருங்கள் என்று டீச்சர் கூப்பிட்டிருந்தார். "அங்க போய் உட்கார்ந்தா, வாயைத் திறக்கவே வேண்டாம், உட்கார்ந்ததே போதும் ஊருக்கு" என்று மாமனார் அதையும் மூடிவிட்டார்.

யாராவது விருந்தாளி வந்தால் அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சின்ன அறை. அங்கே வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின். அதை வெறுமனே, துணியே போடாமல் ஓட விடுவார்கள். பம்பரம் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மூக்கையும் ஒட்டவைத்து, மெஷினோடு சேர்ந்து முனகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கூடத்தில் விருந்தாளி, "பேத்தி எங்கே?" என்று கேட்பார். மாமனார் இரண்டு தடவை இருமிவிட்டு, "குழந்தை தூங்குது" என்பார். "நல்லாத் தூங்குது" என்று மாமியார் சேர்த்துக்கொள்வாள். அப்படி எத்தனை விருந்தாளி, எத்தனை தூக்கம்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மாமியார் வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் கடித்த குஷன் அலமாரிக்குள் போனது. காதை மூடுகிற ஹெட்போன் மெத்தைக்கு அடியில் போனது. பிறகு ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள்.

கூடத்தின் ஓரத்தில் நின்ற அந்த ஃப்ரிட்ஜ் கதவில் சின்னச் சின்னப் படங்கள் ஒட்டியிருந்தன. தண்ணீர், பாத்ரூம், வாசல், மெஷின். வேண்டியதைக் கேட்கப் பம்பரத்துக்கு வார்த்தை வராது. படத்தைப் பிய்த்து வந்து அம்மா கையில் வைப்பாள். அதைக் கற்றுக்கொடுக்க அம்மாவுக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தாகம் எடுத்தால் சுவரில் தலையை இடிப்பாள்.

"அத்தை, அதை மட்டும் விட்டுடுங்க. அவளுக்கு அதுதான் வாய்."

"ஒரு மணி நேரம் வாய் இல்லாம இருந்தா என்ன, குறைஞ்சா போயிடும்? கதவு பார்க்கச் சுத்தமா இருக்க வேண்டாமா?" மாமியார் நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை மட்டும் நான்கு இடத்தில் வெள்ளையாக மிஞ்சியது. அதன்மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டாள்.

நாத்தனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, என்னைக் கேட்டு வர்றாங்களா, ஃப்ரிட்ஜைக் கேட்டு வர்றாங்களா?"

"நீ வாயை வெச்சுட்டு சும்மா இரு. உனக்காகத்தான் இத்தனையும்."

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவளுக்கும் முப்பது நெருங்கிவிட்டது. தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. நாளெல்லாம் மற்றவர்கள் அவசரத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் அவசரத்தை மறந்துபோனவள். அண்ணியைப் பார்த்துக் கண்ணால் 'விடுங்க' என்றாள். விடுவது ஒன்றுதான் அந்த வீட்டில் அண்ணிக்குப் பழக்கமான வேலை.

மாப்பிள்ளை வீட்டார் மாலையில் வந்தார்கள். அப்பா, அம்மா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அண்ணி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மாமனார் மகனைப் பார்த்துக் கையைச் சுழற்றிக் காட்டினார். மருமகள் டீ ஊற்றிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு மெஷினைப் போடுகிற பொறுப்பு கண்ணாடிக் கடைக்காரனுக்கு வந்தது. தன் சட்டையில் ஒன்றைக்கூட அதுவரை அந்த மெஷினில் அவன் போட்டதில்லை. உள்ளே போனான், எதையோ அமுக்கினான், உருளை சுற்ற ஆரம்பித்ததும் வெற்றிகரமாக வெளியே வந்து உட்கார்ந்துகொண்டான்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சிரிக்கிற ஆள். மாப்பிள்ளைக்குப் பெயின்ட் கம்பெனியில் வேலை. சுவரில் அழுக்கு ஒட்டாத பெயின்டைப் பற்றிப் பேசினான். அவன் அண்ணி மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அடிக்கடி செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீயை வாங்கக் கையை நீட்டியபோது சுடிதார்க் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ஆறிய தழும்பு. மருமகளின் பார்வை அதில் விழுந்ததைக் கவனித்து, அவள் சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒரு பேத்தின்னு சொன்னாங்களே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மாமனார் இரண்டு தடவை இருமினார். "குழந்தை தூங்குது."

"நல்லாத் தூங்குது" என்றாள் மாமியார். "உங்களுக்குப் பேரன் இருக்கான்ல? கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அவனுக்கு லேசாக் காய்ச்சல். அவங்க அப்பன் பார்த்துக்கறான்."

பிஸ்கட் எடுக்க மருமகள் சமையலறைக்குப் போனாள். அப்படியே பின்னறையை எட்டிப் பார்த்தாள். பம்பரம் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் முகப்பில் கடைசி விளக்கு எரிந்தது. கால் மணி நேரத்தில் முடிந்துபோகிற சின்னத் துவையல். எப்போதும் அவள் வைப்பது முதல் விளக்கு. அது ஓடிக்கொண்டே இருக்கும், விருந்தாளி போய்ச் சேர்ந்த பிறகும் ஓடும்.

கை தானாகவே எழுந்து பொத்தான் வரை போனது. நிறுத்தி, மாற்றி, மறுபடி போட்டால் போதும். குழந்தை ஒரு கத்துக் கத்தும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேன் வேறு வாசலுக்குப் போகும். ஃப்ரிட்ஜில் காலண்டர் தொங்கும். கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு என்பார்கள், அது முடிந்தால் அந்தப் பிள்ளையின் பெயர்சூட்டு என்பார்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையை இறக்கினாள். பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒன்றும் செய்யாமல் வந்தாள். அந்த வீட்டில் அவள் தன் இஷ்டத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான்.

மாப்பிள்ளையின் அப்பா கல்யாணச் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது உள்ளே 'பீப் பீப் பீப்' என்று சத்தம் வந்தது. கண்ணாடிக் கடைக்காரன் நிமிர்ந்தான். மாமனார் அவனை முறைத்தார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பம்பரம் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனாள், கற்றுக்கொடுத்தபடியே. கையைத் தூக்கினாள். படத்தைக் காணோம். காலண்டரைத் தள்ளிவிட்டுக் கதவைத் தடவினாள். பசை மட்டும் விரலில் ஒட்டியது. இன்னொரு இடத்தில் தடவினாள். சுவருக்கும் அந்தத் தலைக்கும் இடையே ஓரடிதான் இருந்தது.

ஆனால் பம்பரம் தலையை இடிக்கவில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு தடவை இருமினாள். அப்படியே தாத்தாவின் இருமல், அதே கனம், அதே இடைவெளி.

"குழந்தை தூங்குது" என்றாள்.

விருந்தாளிகள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"குழந்தை தூங்குது. நல்லாத் தூங்குது." இப்போது பாட்டியின் குரல்.

மாமியார்தான் முதலில் சுதாரித்தாள். "இது... பக்கத்து வீட்டுப் பிள்ளை. கதவு திறந்திருந்தா உள்ள வந்துடும்."

பிஸ்கட் தட்டு மேஜைமேல் 'ணங்' என்று விழுந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்ல. என் பொண்ணு" என்றாள் மருமகள். "இவளுக்கு ஆட்டிசம்."

"ஏய்" என்றான் புருஷன்.

"என்ன ஏய்? வார்த்தையைச் சொன்னா வீடு இடிஞ்சுடுமா?" அவள் விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "இவ உங்ககிட்டப் பொய் சொல்லலைங்க. மெஷினைப் போடுங்கன்னு கேக்கறா. கேக்கறதுக்கு வெச்சிருந்த படத்தைப் பிய்ச்சுட்டாங்க. இந்த வீட்ல 'குழந்தை தூங்குது'ன்னு சொன்னா மெஷின் ஓடும். அதான் அவளுக்குத் தெரிஞ்சது. அதைச் சொல்லிக் கேக்கறா, பாவம்."

மாமனாரின் முகம் சுண்டிப்போனது. எல்லோரும் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் டீ கோப்பையைப் பார்த்தார்.

சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது. மாப்பிள்ளையின் அண்ணி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எங்க வீட்ல டிவிங்க" என்றாள். "சத்தமா வெச்சு, ரூமைச் சாத்திடுவாங்க. எங்க வீட்லயும் ஒருத்தன் தூங்கிட்டுத்தான் இருக்கான். பத்து வயசாகுது. பொறந்ததுலேருந்து தூங்கறான்."

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்று பல்லைக் கடித்தாள் அவள் மாமியார்.

"யாரும் சொல்லல அத்தை. அந்தக் குழந்தையே பேசிடுச்சு, எனக்கென்ன?"

அவள் எழுந்து வந்தாள், மகளைப் பிடிக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போய்விட்டிருந்த தாயிடம். இரண்டு மருமகள்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"நகம் எப்படி வெட்டறீங்க?" என்றாள் பம்பரத்தின் அம்மா, வந்தவளிடம்.

"தூங்கும்போதுதான்."

"எந்தத் தூக்கம்?"

"நிஜமாத் தூங்கும்போது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கூடத்தில் மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரச் சிரிப்பாகக் கேட்டிருக்கும்.

நாத்தனார் மாப்பிள்ளையைக் கேட்டாள். "நீங்க ஏன் சொல்லல?"

"நீங்களும் சொல்லலையே" என்றான் அவன். பிறகு தலையைச் சொறிந்தான். "அவன் என் தோள்லதாங்க ஏறி உட்காருவான். சொல்லியிருக்கணும்."

அந்த நேரத்தில் பெரியவர்கள் முகத்தில் வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமி, பழைய சிரிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"அட, அப்போ நல்லதாப் போச்சு! உங்களுக்கும் ஒண்ணு, எங்களுக்கும் ஒண்ணு. நமக்குள்ள யாரை யாரு குறை சொல்றது? வெளியில மட்டும் தெரியாமப் பார்த்துக்குவோம், என்ன?"

மாமனாருக்கு உயிர் வந்தது. "அதேதான் நானும் நினைச்சேன். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துப் பின்னால ஒரு ரூம் போட்டுடலாம். ரெண்டு பிள்ளைக்கும் ஒரே ரூம். பார்த்துக்க ஒரு ஆள்."

"ஒரே செலவு!" என்றார் சம்பந்தி.

வந்ததிலிருந்து அந்த இரண்டு வீடும் இத்தனை ஒற்றுமையாக எதையும் பேசவில்லை.

"அப்பா" என்றாள் நாத்தனார். கவுன்ட்டரில் 'அடுத்தவங்க வாங்க' என்று சொல்கிற அதே குரல். "எந்த ரூம்ல அந்த ரெண்டு பேரையும் வெக்கப் போறீங்களோ, அந்த ரூம்லயே கல்யாணத்தையும் வெச்சிடுங்க. நான் அங்க வந்துடறேன். மண்டபத்துல நீங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கோங்க."

மாப்பிள்ளை டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எனக்குச் சம்மதம்" என்றான். பெண்ணுக்கா, ரூமுக்கா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று பெரியவர்கள் எழுந்தார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீச்சரையும் சனிக்கிழமைக் கூட்டத்தையும் பற்றி அதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளையின் அண்ணி மட்டும், வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்த டீச்சர் நம்பரை எனக்கு அனுப்புங்க. சனிக்கிழமை நீங்க போறதா இருந்தா நானும் வர்றேன். தனியாப் போகத்தான் காலு வரல" என்றாள்.

அன்று இரவு யாரும் மருமகளோடு பேசவில்லை. பேசாதது அவளுக்கும் வசதியாக இருந்தது. படங்களைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, துடைத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். டீச்சருக்கு போன் போட்டாள். "மருந்துக் கடை வேண்டாம் மேடம். வாசலுக்கே வரச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. மாமனார் சொன்னதில் பொய் இல்லை, எழுத்து பெரிசுதான். ஹார்ன் அடித்ததும் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி உலர்த்தியவள் எட்டிப் பார்த்தாள். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாமியார் மட்டும் வாசல்வரை வந்து, குழந்தையின் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்துவிட்டு, தெருவைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

வேன் சக்கரத்தைப் பார்த்ததும் பம்பரத்துக்கு வேறு அழைப்பு தேவைப்படவில்லை. ஓடினாள்.

கண்ணாடிக் கடைக்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பா சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தான்.

"மெஷின்ல துணி போட்டிருக்கேன்" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்க சட்டை, மாமா வேட்டி, எல்லாம். முதல் நாள் நானும் கூட இருக்கணுமாம். நீங்கதான் போட்டு, எடுத்துக் காயப் போடணும்."

"எந்தப் பட்டனை அமுக்கணும்?"

"நேத்து அமுக்கினீங்களே, அதேதான். சீக்கிரம் முடிஞ்சுடும்."

அவன் தலையாட்டினான். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது: மெஷின் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.